எமர்ஜென்சி பில்லுக்கு அரசு ஏன் காசு குடுக்கணும்? திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களும் பதிலும்

அவசர கருத்தடை மாத்திரை, அதாவது எமர்ஜென்சி பில் பத்தியும், கையில காசில்லாத பொண்ணுங்களுக்கு அரசு செலவுல அதைக் குடுக்கறது பத்தியும் எங்கிட்ட வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணேதான். ஒவ்வொருத்தருக்கா தனியா டைப் பண்ணி அலுத்துப் போச்சு, அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன். கேள்விங்க கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு. நான் டாக்டர் இல்ல. உங்க உடம்பு சம்பந்தப்பட்ட முடிவை ஒரு டாக்டர், நர்ஸ், இல்ல பார்மசிஸ்ட்கிட்ட பேசிட்டு எடுங்க.

அக்கா, இது கருவைக் கலைக்கிற மாத்திரைதானே?

இல்லம்மா, அது வேற மருந்து, இது வேற மருந்து. கலைக்கிறதுக்குக் குடுக்கறது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். எமர்ஜென்சி பில்லுல பெரும்பாலும் இருக்கறது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், தினமும் போடுற சில கருத்தடை மாத்திரைல சின்ன அளவுல இருக்கே அதே ஹார்மோன்தான். இது பண்ற முக்கியமான வேலை கருமுட்டை வெளிய வர்றதத் தள்ளிப் போடறது. விந்தணு உள்ள அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், அதுக்குள்ள முட்டை வரலைன்னா கரு உண்டாக வழியில்ல. முட்டை ஏற்கனவே வந்துட்டா மாத்திரையால பெருசா பிரயோஜனம் இல்ல, கரு தங்கிட்டா அதைக் கலைக்கவும் செய்யாது, வயித்துல இருக்கற பிள்ளைக்குக் கெடுதலும் பண்ணாது.

இதை முதல்ல வச்சதுக்குக் காரணம் இருக்கு. அரசு காசு தரலாமா கூடாதாங்கற சண்டை முக்காவாசி இந்தக் குழப்பத்துல இருந்துதான் கெளம்புது. அமெரிக்காவுல 1976ல வந்த ஹைட் திருத்தம்படி ஒரு சில விதிவிலக்கு தவிர மத்திய அரசு காசு கருக்கலைப்புக்குப் போகக்கூடாது, ஆனா எமர்ஜென்சி பில் அந்தக் கணக்குல வராது, அது குடும்பக்கட்டுப்பாடு செலவுல சேரும். 2022 டிசம்பர்ல அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கரு கர்ப்பப்பையில ஒட்டறத இந்த மாத்திரை தடுக்கலாம்னு லேபிள்ல இருந்த பழைய வரியையும் எடுத்துட்டாங்க.

எத்தனை நாளுக்குள்ள போடணும்? மறுநாள் காலையிலயே போடணுமா?

எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 72 மணி நேரத்துக்குள்ள போடறதுதான் சரி, அஞ்சு நாள் வரைக்கும் கொஞ்சம் வேலை செய்யும், ஆனா நாள் போகப் போக பலன் கொறையும். உலிப்ரிஸ்டல்னு இன்னொண்ணு இருக்கு, 30 மில்லிகிராம், அது 120 மணி நேரம் வரைக்கும் ஓரளவு சீராவே வேலை செய்யும். இந்த மணிக்கணக்க மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி பதிலுக்கு இதுதான் அடிப்படை.

மாத்திரை மட்டும்தானா, வேற வழி இருக்கா?

காப்பர்-டி இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன செம்புக் கருவி. அஞ்சு நாளுக்குள்ள போட்டா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கும் மேல பலன், மாத்திரை எதுவும் அதுகிட்ட நிக்க முடியாது. அதுக்கு மேல பத்து வருஷம் தாங்குற காப்பர்-டியும் இருக்கு, அப்புறம் தனியா கருத்தடை எதுவும் தேவையில்ல.

ஆனா அதைப் போட பயிற்சி எடுத்த ஆள் வேணும், ரூம் வேணும், அன்னிக்கே அப்பாயின்ட்மென்ட் வேணும். அரசு மாத்திரைக்கு மட்டும் காசு ஒதுக்கிட்டு காப்பர்-டிய விட்டுட்டா, வசதியானவங்களுக்கு நல்லா வேலை செய்யற வழியும் மத்தவங்களுக்கு சுமாரான வழியும்னு ஆயிடும். திட்டம் போடறவங்க இதை ரொம்ப லேசா தாண்டிப் போயிடறாங்கங்கறது என் குறை.

மாத்திரை விலை அப்படி ஒண்ணும் பெருசு இல்லையே, இதுக்குப் போய் அரசு எதுக்கு?

இதைக் கேக்குறவங்க எல்லாருமே சொந்தமா சம்பாதிச்சு சொந்தமா செலவு பண்றவங்களா இருக்கறத நான் கவனிச்சிருக்கேன். பெட்டில போட்டிருக்கற விலை மட்டும் விலை இல்லங்க. தினக்கூலிக்குப் போற ஒரு பொண்ண நெனச்சுப் பாருங்க. ராத்திரி காண்டம் கிழிஞ்சிடுச்சு. காலையில அவ கடைக்குப் போகணும்னா பாதி நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி, கைப்பிள்ளைய யார்கிட்டயாவது விட்டுட்டுப் போகணும். வீட்டுல காசு புருஷன் கையிலயோ மாமியார் கையிலயோ இருக்கு, எதுக்குன்னு சொல்லாம வாங்க முடியாது. சரி சம்பளம் வரட்டும்னு சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தா 72 மணி நேரம் முடிஞ்சே போயிடும். மத்த சாமான்னா அடுத்த வாரம் வாங்கிக்கலாம், இதை அடுத்த வாரம் வாங்கி என்ன பண்றது?

இன்னொரு பக்கமும் பாருங்க. வேண்டாத கர்ப்பம் தங்கிட்டா அதுக்கப்புறம் ஆகற செலவு, அது பிரசவமா இருந்தாலும் கலைக்கிறதா இருந்தாலும், ஏழைக் குடும்பம்னா பல நாட்டுல கடைசியில அரசு ஆஸ்பத்திரி தலையிலதான் விழுது. ஒரு மாத்திரை விலையோட அதை வச்சுப் பாக்கவே முடியாது.

அரசு காசு குடுக்குதுன்னா எப்படி? பணமா கைக்கு வருமா?

கைக்கு வராது. ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு வழி. ஃப்ரான்ஸ்ல மருந்துக்கடையில நேரா போய்க் கேட்டா குடுப்பாங்க, கடைக்காரருக்கு தேசிய மருத்துவக் காப்பீடு காசு குடுத்துடும். அங்க 2002ல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மட்டும் இலவசம்னு ஆரம்பிச்சு 2023 ஜனவரியில இருந்து எல்லா வயசுக்கும், டாக்டர் சீட்டு இல்லாமலேயே இலவசம்னு ஆக்கிட்டாங்க. பிரிட்டன்ல ஸ்காட்லாந்து 2008லயும் வேல்ஸ் 2011லயும் பார்மசில இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, இங்கிலாந்துல மட்டும் கிளினிக் போனா இலவசம், பார்மசின்னா நீங்க இருக்கற ஏரியாவப் பொறுத்துன்னு ரொம்ப வருஷம் ஓடிச்சு, 2025 அக்டோபர்லதான் நாடு முழுக்க பார்மசில இலவசம்னு வந்துச்சு.

இந்தியாவுல வேற மாதிரி. அரசு மொத்தமா கொள்முதல் பண்ணி ஈசி பில்னு ஒரு பேர்ல அரசு சுகாதார நிலையத்துல இலவசமா குடுக்கறது ஒண்ணு, 2011ல ஆரம்பிச்ச திட்டத்துல ஆஷாங்கற கிராமத்து சுகாதார ஊழியருங்க வீட்டு வாசல்லயே கொண்டுவந்து ஒரு மாத்திரைக்கு ரெண்டு ரூபா வாங்கிக்கறது இன்னொண்ணு. அந்த ரெண்டு ரூபா அந்த ஊழியருக்கே போகும், நடையா நடக்கறதுக்கு. அமெரிக்காவுல குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு மெடிகெய்ட்னு காப்பீடு, அது தவிர 1970ல வந்த டைட்டில் டென்ங்கற குடும்பக்கட்டுப்பாடு திட்டத்துல நடக்கற கிளினிக்குங்க. அங்க வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா கட்டணமே கெடையாது, அதுக்கு மேல வருமானத்துக்கு ஏத்த மாதிரி ஏறும்.

இன்சூரன்ஸ்ல கவர் ஆகும்னு சொன்னாங்க, கவுன்டர்ல போனா டாக்டர் சீட்டு எங்கன்னு கேக்குறாங்களே? இது சீட்டு இல்லாம விக்கிற மாத்திரைதானே?

இது அமெரிக்காவுல இருக்கறவங்க அனுப்புற கேள்வி, நியாயமான கோவம்தான். அங்க மருந்து சட்டம் ஒரு பக்கம், காசு குடுக்கற சட்டம் இன்னொரு பக்கம். 2006ல 18 வயசு ஆனவங்களுக்கு சீட்டு இல்லாம விக்கலாம்னாங்க, 2009ல 17, 2013ல ஒரு கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு வயசு வரம்பே போச்சு. ஆனா மெடிகெய்ட்ல சீட்டு இல்லாத மருந்துக்கு மத்திய அரசு தன் பங்கு காசைக் குடுக்காது. அதனால காசு குடுத்து வாங்குறவங்களுக்கு சீட்டு வேணாம், காசு இல்லாதவங்களுக்கு சீட்டு வேணும்!

சீட்டுக்கு டாக்டரப் பாக்கணும், டாக்டரப் பாக்க நாள் ஆகும், மணிக்கணக்கு மேல சொன்னதுதான். சில மாநிலங்க தங்க சொந்தக் காசைப் போட்டு சீட்டு இல்லாமலே குடுக்குறாங்க, சில இடத்துல பார்மசிஸ்டே சீட்டு எழுதலாம். உங்க மாநிலத்துல எப்படின்னு மெடிகெய்ட் கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்டுடுங்க, தேவை வர்றதுக்கு முன்னாடியே.

எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, மதரீதியா தப்புன்னு நினைக்கிறேன், என் வரிப்பணத்துல ஏன் குடுக்கணும்?

உங்க நம்பிக்கை உங்களோடது, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். கருத்தடையே தப்புன்னு நினைக்கறவங்க இருக்காங்க, கலைக்கிறது மட்டும் தப்புன்னு நினைக்கறவங்க இருக்காங்க. ரெண்டாவது ஆளுங்களுக்கு முதல் பதிலே போதும்னு நினைக்கிறேன். முதல் வகைக்கு நான் சொல்றது, வரிங்கறது தனித்தனியா நம்ம விருப்பப்படி பிரிச்சுக் குடுக்கற மொய் இல்ல. போர் வேணாம்ங்கறவன் வரியிலயும் துப்பாக்கி வாங்குறாங்க. அரசு காசுல குடுக்கறதால யாரும் உங்களப் போடச் சொல்லப் போறதில்ல.

மருந்து குடுக்கற இடத்துல இருக்கற ஒருத்தருக்கு மனசாட்சி ஒத்துக்கலைன்னா அவரு ஒதுங்கிக்கலாம்னு பல நாட்டுல விதி இருக்கு, அது சரின்னே வச்சுக்குவோம். ஆனா ஒதுங்குறவரு பக்கத்துல இருக்கற இன்னொருத்தர உடனே கை காட்டிடணும். நாளைக்கு வான்னு அனுப்பினா அது ஒதுங்குறது இல்ல, தடுக்கறது.

அரசு குடுக்காம விட்டா யாரும் போட மாட்டாங்க, பிரச்சனை முடிஞ்சுது இல்லையா?

இதுக்குக் கற்பனையா பதில் சொல்லவே வேணாம், நடந்தே இருக்கு. சிலி நாட்டுல 2006ல அரசு சுகாதார மையங்கள்ல 14 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு எமர்ஜென்சி பில் இலவசம்னு கொண்டுவந்தாங்க, அப்ப மிஷெல் பாச்லெட் ஜனாதிபதி, அவங்களே ஒரு குழந்தைநல டாக்டர். எதிர்த்து சில எம்பிங்க அரசியல் சட்ட கோர்ட்டுக்குப் போனாங்க. 2008ல தீர்ப்பு வந்துச்சு, அரசு மையத்துல குடுக்கக்கூடாதுன்னு. தனியார் மருந்துக்கடையப் பத்தி அந்தத் தீர்ப்பு ஒண்ணும் சொல்லல! அதாவது அதே மாத்திரை, அதே ஊரு, காசு இருக்கறவ கடையில வாங்கிக்கலாம், காசு இல்லாதவ அரசு மையத்துக்குப் போனா சட்டப்படி கெடையாது. தலைநகர் சான்டியாகோ தெருவுல ஆயிரக்கணக்குல ஜனங்க இறங்கிட்டாங்க. கடைசியில 2010 ஜனவரியில புதுச் சட்டம் போட்டுத்தான் திரும்ப அரசு மையத்துல குடுக்க முடிஞ்சுது.

பக்கத்துல பெரு. அங்க 2009ல இதே மாதிரி தீர்ப்பு, அரசு இலவசமா விநியோகிக்கக் கூடாது, கடையில விக்கலாம். 2016ல ஒரு நீதிபதி தற்காலிகமா குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாரு, 2023லதான் அரசியல் சட்ட கோர்ட்டே இலவச விநியோகம் சரின்னு சொல்லிச்சு. மாத்திரை கருவோட உயிரைக் கொல்லுதுன்னு கோர்ட்டு நிஜமாவே பயந்திருந்தா கடையிலயும் நிறுத்தச் சொல்லியிருக்கணும் இல்லையா? ஹோண்டுராஸ் அப்படித்தான் பண்ணாங்க, 2009ல எல்லாருக்குமே தடை, 2023 மார்ச்சுலதான் நீக்கினாங்க. அதையும் நான் ஒத்துக்கல, ஆனா குறைஞ்சபட்சம் பர்ஸைப் பாத்து ஆளைப் பிரிக்கல. அரசு காசை மட்டும் நிறுத்தறதுன்னா அதுக்கு அர்த்தம் இதுதான், மாத்திரை ஊருல இருக்கும், ஏழைங்களுக்கு மட்டும் இருக்காது.

இலவசமா கெடைச்சா பொண்ணுங்க கட்டுப்பாடில்லாம போயிடுவாங்கன்னு எங்க வீட்ல சொல்றாங்க

வீட்ல சொல்றவங்க பயம் புரியுது, ஆனா இதை ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. மாத்திரைய முன்கூட்டியே கையில குடுத்து வச்ச பொண்ணுங்களையும் குடுக்காதவங்களையும் ஒப்பிட்டு பல நாட்டுல ஆய்வு நடந்துருக்கு, எல்லாத்தையும் சேத்து, மருத்துவ ஆய்வுங்கள அலசிப் பாக்கற காக்ரேன் குழு ஒரு தொகுப்பும் போட்டிருக்காங்க. பாதுகாப்பில்லாத உறவு கூடல, பால்வினை நோய் கூடல, வழக்கமா போடற கருத்தடைய விட்டுட்டு இதுக்குத் தாவவும் இல்ல. கையில இருந்தவங்க சீக்கிரமா போட்டுக்கிட்டாங்க, அதுதான் வித்தியாசம்.

அப்போ இலவசமா குடுத்தா நாட்டுல வேண்டாத கர்ப்பம் குறைஞ்சிடும்னு சொல்லலாம்ல?

சொல்லாதீங்க. நம்ம பக்கம் பேசுறவங்களே அடிக்கடி இதைச் சொல்லி மாட்டிக்கறாங்க. மேல சொன்ன அதே தொகுப்புலதான் இதுவும் இருக்கு: முன்கூட்டியே குடுத்து வச்சதால மொத்தமா பாத்தா கர்ப்ப எண்ணிக்கை குறையல. ஏன்னா தேவைப்பட்ட எல்லா நேரத்துலயும் பொண்ணுங்க அதைப் போடல, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்ட நாளும் இருக்கு, போட்டாலும் நூத்துக்கு நூறு வேலை செய்யற மாத்திரையும் இல்ல.

எதிர்க்கறவங்க இதைப் பிடிச்சுக்கிட்டு, பாத்தியா பிரயோஜனம் இல்ல, காசை நிறுத்துன்னு வருவாங்க. அதுக்குப் பதில் என்னன்னா, நாட்டுக் கணக்குல புள்ளி குறையுதாங்கறதுக்காக இதைக் கேக்கல. நேத்து ராத்திரி காண்டம் கிழிஞ்ச ஒருத்திக்கு இன்னிக்கு ஒரு வாய்ப்பு இருக்கு, அந்த வாய்ப்பு இன்னொருத்திக்குக் கடையில கெடைக்குது, இவளுக்கும் கெடைக்கணும். அவ்வளவுதான் வாதம். நாட்டு அளவுல எண்ணிக்கை குறையணும்னா தினசரி மாத்திரை, ஊசி, காப்பர்-டி, கைத்தோலுக்கு அடியில வைக்கற இம்ப்ளான்ட் இதெல்லாம் சுலபமா கெடைக்கணும், எமர்ஜென்சி பில் அதுக்கு மாத்து இல்ல.

ஏழைங்க புள்ள பெத்துக்கக் கூடாதுன்னு அரசு பண்ற வேலைதானே இது? எங்க பாட்டி சொல்வாங்க, அரசு ஆளு வந்தாலே ஓடி ஒளிஞ்சுக்குவோம்னு

உங்க பாட்டி சொன்னதுல தப்பே இல்ல. இந்தியாவுல 1975ல இருந்து 1977 வரைக்கும் நாட்டுல அவசரநிலை (அதையும் எமர்ஜென்சின்னுதான் சொல்வாங்க) இருந்த காலத்துல டார்கெட் வச்சு ஆளுங்கள இழுத்துட்டுப் போய் கருத்தடை ஆபரேஷன் பண்ணாங்க. மேல சொன்ன அதே பெருவுல 1990கள்ல ஜனாதிபதி ஃபுஜிமோரி ஆட்சியில பழங்குடி, கிராமத்து ஏழைப் பொண்ணுங்களுக்கு சரியா சம்மதம் கூட வாங்காம ஆபரேஷன் பண்ணாங்க. ஆபரேஷனுக்கு ஏழைங்களத் துரத்திப் பிடிச்ச அதே நாட்டுல, பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு மாத்திரை கேட்டு வந்த ஏழைப் பொண்ண இல்லன்னு அனுப்பினாங்க பாருங்க. ரெண்டுலயும் முடிவு அவ கையில இல்ல.

அதனால எந்தத் திட்டம் வந்தாலும் நான் பாக்குறது ஒண்ணுதான்: அவ கேட்டு வாங்குறாளா, இல்ல யாரோ ஒருத்தர் எண்ணிக்கை காட்டறதுக்காக அவ கையில திணிக்கறாங்களா. எமர்ஜென்சி பில்லுல ஒரு நல்லது, அது ஒரு தடவைக்கான மாத்திரை, அடுத்த மாசமே பிள்ளை வேணும்னாலும் ஒரு தடையும் இல்ல, பின்னால கர்ப்பம் தரிக்கறத அது கெடுக்காது. ஊழியருக்கு டார்கெட், இத்தனை பேருக்குக் குடுத்தா ஊக்கத்தொகை, மாத்திரை வாங்கினாத்தான் வேற உதவி, இப்படி ஏதாவது கண்ணுல பட்டா கேள்வி கேளுங்க, கேக்கணும்.

இலவசம்னா வருமான சர்டிஃபிகேட் எல்லாம் குடுக்கணுமா?

நாட்டப் பொறுத்து. ஃப்ரான்ஸ், பிரிட்டன் மாதிரி எல்லாருக்கும் இலவசம்னா யாரும் உங்க வருமானத்தக் கேக்கப் போறதில்ல. ஏழைங்களுக்கு மட்டும்னு வச்ச இடத்துல ஏதாவது கார்டு, விண்ணப்பம், சரிபார்ப்புன்னு இருக்கும்.

காகிதத்துல பாத்தா ஏழைங்களுக்கு மட்டும்ங்கறது நியாயமா, சிக்கனமா தெரியும். ஆனா நீ ஏழைதான்னு நிரூபிக்க மூணு நாள் ஆகுதுன்னா, இந்த மாத்திரை விஷயத்துல அது தர மாட்டேன்னு சொன்னதுக்கு சமம். அதுவும் போக, கியூவுல நின்னு எல்லார் முன்னாடியும் நான் இதுக்கு வந்தேன், எனக்கு வருமானம் இவ்வளவுதான்னு சொல்ற கூச்சத்துலயே பாதிப் பேர் திரும்பிப் போயிடுவாங்க. வருமானத்த பாக்கணும்னா மாத்திரைய முதல்ல குடுத்துட்டு காகிதத்த அப்புறம் பாக்கட்டும்.

புருஷனுக்கோ வீட்டுக்கோ தெரிஞ்சிடுமா? சம்மதம் வாங்கணுமா?

கல்யாணம் ஆன பொண்ணுக்குப் புருஷன் கையெழுத்து தேவையில்ல, எங்கயாவது கேட்டா எந்த விதியிலன்னு காட்டச் சொல்லுங்க. ஆனா தெரிய வர்றதுக்கு வேற வழி இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. குடும்பத்துக்கே ஒரே காப்பீடா இருந்தா, இன்ன தேதியில இன்ன சேவைக்கு இவ்வளவு குடுத்தோம்னு காப்பீட்டுல இருந்து வர்ற தாள் பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குப் போகும். போன்ல மெசேஜ் வந்தாலும் அதே கதைதான், போன் யார் கையில இருக்குங்கறத யோசிச்சுக்கோங்க. பயம் இருந்தா காப்பீட்டு வழிய விட்டுட்டு நேரா இலவசமா குடுக்கற கிளினிக்குக்குப் போங்க, போன் நம்பர் கேட்டா உங்களுக்குப் பாதுகாப்பான நம்பர மட்டும் குடுங்க.

18 வயசு ஆகாத பொண்ணு கேட்டா குடுப்பாங்களா?

மருந்து ரீதியா சின்ன வயசுன்னு ஆபத்து ஒண்ணும் கெடையாது. சட்டம்தான் நாட்டுக்கு நாடு வேற. ஃப்ரான்ஸ்ல 2000ல இருந்து ஸ்கூல் நர்ஸே குடுக்கலாம். வேற சில நாட்டுல 18 வயசுக்குக் கீழன்னா டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அந்தப் பயத்துல பொண்ணுங்க வர்றதே இல்ல. சின்னப் பொண்ணு ஒருத்தி உங்ககிட்ட வந்து கேட்டா முதல்ல திட்டாதீங்க, அவ விருப்பத்தோட நடந்துச்சா, யாராவது மிரட்டினாங்களான்னு மெதுவா கேளுங்க, கூட ஒரு பெரியவங்களா நீங்களும் கிளினிக்குக்குப் போங்க.

பலாத்காரம் நடந்திருந்தா? அப்பவும் காசு கட்டணுமா?

கட்டக்கூடாது. இந்தியாவுல 2013 சட்டத் திருத்தத்துல இருந்து அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எதுவா இருந்தாலும் உடனே இலவசமா முதலுதவி, சிகிச்சை குடுத்தே ஆகணும், எமர்ஜென்சி பில்லும் அந்த சிகிச்சைல ஒரு பகுதி. போலீஸ் கம்ப்ளைன்ட் குடுத்துட்டு வான்னு திருப்பி அனுப்பறது தப்பு. மாத்திரையோட நிறுத்திக்காதீங்க, எச்ஐவி வராம தடுக்கற மருந்து இருக்கு, அதையும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், மத்த நோய்ங்களுக்கும் பாக்கணும். எமர்ஜென்சி பில் நோய் எதையும் தடுக்காது.

நான் குண்டா இருப்பேன், பிள்ளைக்குப் பாலும் குடுக்கறேன், போடலாமா?

போடலாம், ஆனா எதைப் போடறதுங்கறதுல வித்தியாசம் இருக்கு. எடை கூடக் கூட லெவோநார்ஜெஸ்ட்ரலோட பலன் குறையறதா ஆய்வுங்க சொல்லுது, 70 கிலோவத் தாண்டினாலே யோசிக்கச் சொல்றாங்க, அந்த இடத்துல உலிப்ரிஸ்டலோ காப்பர்-டியோ நல்லது. பால் குடுக்கறவங்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் பிரச்சனை இல்ல, உலிப்ரிஸ்டல் போட்டா ஒரு வாரம் பாலை எடுத்துக் கீழ ஊத்திடணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுக்கறவங்க கண்டிப்பா சொல்லிடுங்க, இந்த மருந்துங்க மாத்திரையோட பலனைக் குறைச்சிடும். அரசு கவுன்டர்ல பொதுவா ஒரே வகை மாத்திரைதான் வச்சிருப்பாங்க, மூணாவது பதில்ல காப்பர்-டி பத்தி நான் புலம்பினது இதுக்கும் சேத்துத்தான்.

போட்டதும் வாந்தி வந்துச்சு, பீரியட்ஸும் தள்ளிப் போகுது, பயமா இருக்கு

லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா திரும்ப ஒண்ணு போடணும், உலிப்ரிஸ்டல்னா மூணு மணி நேரம். அந்த ரெண்டாவது மாத்திரைக்கும் காசு கெடையாதான்னு முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க. பீரியட்ஸ் சில நாள் முன்ன பின்ன வர்றது, நடுவுல லேசா ரத்தம் படறது சகஜம். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப் போச்சுன்னா கர்ப்ப டெஸ்ட் பண்ணிடுங்க. அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையா வலிச்சா உடனே டாக்டர்.

ஒரே மாசத்துல ரெண்டு தடவை இலவசமா கேட்டா குடுப்பாங்களா, திட்டுவாங்களா?

ஒரு தடவைக்கு மேல போடறதால உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்ல, பீரியட்ஸ் குழம்பும். இலவசத் திட்டத்துல சில இடத்துல எண்ணிக்கை வரம்பு வச்சிருப்பாங்க, அது கணக்குக்காக வச்ச வரம்பு, மருந்துக்காக இல்ல. திட்டற கவுன்டர் நெறைய இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். திட்டு வாங்கின பொண்ணு மூணாவது தடவை வரவே மாட்டா, அப்புறம் வேற நிலைமையிலதான் வருவா. அடிக்கடி தேவைப்படுதுன்னா, அதே கவுன்டர்லயே வழக்கமான கருத்தடை என்னென்ன இலவசம்னு கேளுங்க. லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட அன்னிக்கே தினசரி மாத்திரைய ஆரம்பிச்சிடலாம், உலிப்ரிஸ்டல்னா அஞ்சு நாள் விட்டு ஆரம்பிக்கணும்.

முன்கூட்டியே வாங்கி வச்சுக்கலாமா?

தாராளமா, ஃப்ரான்ஸ்ல பிரிட்டன்ல எல்லாம் டாக்டருங்களே சில பேருக்கு அப்படிக் குடுத்து அனுப்புறாங்க. எக்ஸ்பைரி தேதி பாத்து, வெயில் படாம வைங்க. திருவிழா விடுமுறை, நீண்ட வார இறுதி இந்த மாதிரி நாள்லதான் கவுன்டரும் மூடியிருக்கும் தேவையும் வரும்.

இலவச கவுன்டர்ல ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்க, நேத்து நடந்துச்சு, இப்ப என்ன பண்றது?

எப்ப வரும்னு கேட்டு நேரத்த வீணாக்காதீங்க. அங்க இருக்கும்போதே மூணு விஷயம் கேளுங்க: பக்கத்துல வேற எந்த மையத்துல இருக்கு, போன் போட்டு உறுதி பண்ணித் தர முடியுமா, இங்கயே இன்னிக்கு காப்பர்-டி போட முடியுமா. மாத்திரை தீந்தாலும் காப்பர்-டி சும்மா கெடக்கற மையம் உண்டு, கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க.

எதுவுமே இல்லன்னா கடைசி வழி ஒண்ணு இருக்கு. 1970கள்ல கனடா டாக்டர் யுஸ்பே கண்டுபிடிச்ச முறை, ரெண்டு ஹார்மோன் இருக்கற சாதாரண தினசரி கருத்தடை மாத்திரையையே கூடுதல் அளவுல 12 மணி நேர இடைவெளியில ரெண்டு வேளை போடறது. பலன் கம்மி, வாந்தி ஜாஸ்தி, ஆனா ஒண்ணுமே போடாததுக்கு மேல. ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரைங்கறது பிராண்டுக்கு பிராண்டு மாறும், அதனால நான் இங்க எண்ணிக்கை போடல, ஸ்டாக் இல்லன்னு சொன்ன அதே நர்ஸ்கிட்ட மாத்திரை அட்டையக் காட்டி எழுதி வாங்கிக்கோங்க. அதோட ஸ்டாக் இல்லன்னு சொன்ன தேதிய அந்த மையத்துல புகார் நோட்டு இருந்தா அதுல எழுதிட்டு வாங்க. வருஷக் கணக்கு பாக்கும்போது இங்க யாரும் கேக்கறதே இல்லன்னு காட்டி அடுத்த வருஷ சப்ளைய குறைக்கறது இப்படி எழுதாம விட்ட இடத்துலதான்.